நாற்பத்தோராம் பக்கத்துத் தண்ணீர்

நெடுங்கரைப் பேரூராட்சி அலுவலகத்தில், 1951-ஆம் வருடத்து இறப்புப் பதிவேட்டின் நாற்பத்தோராம் பக்கத்திலிருந்து தண்ணீர் வருகிறது என்பதை அந்த ஊரில் போய் இறங்கும்வரை எனக்கு யாரும் சொல்லவில்லை. மறைத்தார்கள் என்று குறை சொல்ல முடியாது. உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருவதை நீங்கள் எந்த ஊர்க்காரரிடம் போய்ச் சொன்னீர்கள்? அவர்களுக்கும் அப்படித்தான், பிறந்ததிலிருந்து குடிக்கிற தண்ணீர், அது மண்ணிலிருந்து வந்தால் என்ன, காகிதத்திலிருந்து வந்தால் என்ன, குடம் நிறைந்தால் சரி என்று இருந்தார்கள். அதை நிறுத்தியவள் நான். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் செண்பகவல்லி. பழைய ரிக்கார்டு தேடிக் கொடுப்பது பிழைப்பு. யாருடைய தாத்தா எந்தத் தெருவில் பிறந்தார், எந்த நிலம் யார் கைக்கு எப்போது போனது என்று தாலுகா அலுவலகங்களிலும் மாவட்டக் காப்பறைகளிலும் இருபத்திரண்டு வருடமாகத் தூசி தின்கிறேன். சர்க்கார் காரியம் சாவகாசம் என்பார்கள், எனக்கு அந்தச் சாவகாசத்தில்தான் சோறு.

சாலிக்கிராமத்தில் இருக்கும் அருணகிரி ஐயா என்னைக் கூப்பிட்டனுப்பினார். 'திரைக்கதை, வசனம்: அருணகிரி' என்று திரையில் வரும்போது ஒரு காலத்தில் கொட்டகையில் விசில் பறந்ததாம். இருபத்தாறு படங்கள் எழுதியிருக்கிறார். அதில் பதினொன்றில் ஒரு பெண் கிணற்றில் விழுவாள், பதினொரு தடவையும் கடைசி ரீலுக்குள் யாராவது கயிறு போட்டுத் தூக்கிவிடுவார்கள், சனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

நான் உட்காருவதற்கு முன்பே ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினார். எண்பத்திரண்டு வயது, கை நடுங்குகிறது, சொம்பு தளும்புகிறது, வேலைக்கார அம்மாள் ஓடி வந்தும் அவளிடம் கொடுக்கவில்லை. நான் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்று என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சங்கடமாக இருந்தது.

"எனக்கு ஒரு அக்கா இருந்தாம்மா. அன்னமயில். பன்னண்டு வயசு. எனக்கு அப்ப ஒம்போது. ஒரு பங்குனித் திருவிழாவுல செத்துப்போனா. எப்படிச் செத்தான்னு எனக்குத் தெரியல."

"மறந்துட்டீங்களா ஐயா?"

"மறந்திருந்தா நிம்மதியா இருப்பேனே. ரெண்டு விதமா ஞாபகம் இருக்கு. ஒண்ணுல, வீட்டுக் கொல்லையில கிணறு, அக்கா விழுந்துட்டா, ஊரே கூடிக் கயிறு போடுது. இன்னொண்ணுல கிணறே இல்ல. ஒரு அறை, பூட்டின கதவு, உள்ள இருந்து அவ தண்ணி தண்ணின்னு கேக்குறா, நான் வெளிய உக்காந்திருக்கேன். ரெண்டுல ஒண்ணு நான் சினிமாவுக்கு எழுதினது. எதுன்னு தெரியல. அம்பது வருஷம் எழுதி எழுதி அடிச்சதுல நெசம் எந்தக் காகிதத்தோட போச்சோ."

வைத்தியர் இன்னும் இரண்டு மாதம்தான் என்று சொல்லிவிட்டாராம். அதை அவர் மழை வரும் போலிருக்கிறது என்கிற மாதிரி சொன்னார்.

"அந்த வீட்டுல கிணறு இருந்துச்சா, இல்லையா? அது ஒண்ணை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லும்மா. கிணறு இருந்துச்சுன்னா நான் அக்காவைப் பறிகொடுத்த தம்பி. இல்லேன்னா..." என்று நிறுத்தி, "இன்னும் கொஞ்சம் தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டார்.

ஐயாவின் சொந்த ஊரான நெடுங்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பேரூராட்சி அலுவலகத்தைச் சுற்றி மூன்று சுற்றுக்குக் குடங்கள் நின்றன, பிளாஸ்டிக் குடம், எவர்சில்வர் குடம், பிடி போன பக்கெட், பெயிண்ட் டப்பா. ஏதோ மறியல் என்று நினைத்தேன். பதிவறையில் இருந்த எழுத்தர் ராக்கப்பன், ஓய்வு பெற ஒரு வருடம் பாக்கியுள்ள மனிதர், நான் வருடத்தைச் சொன்னதும் சலிப்போடு பார்த்தார்.

"அம்பத்தொண்ணா? அது ஓடிக்கிட்டு இருக்கு தாயி. அஞ்சு மணிக்கு மேல வாங்க, மூடி வச்சுட்டுக் காட்டுறேன்."

எட்டிப் பார்த்தேன். ஒரு கல்தொட்டியின் மேல் சாய்வாக வைத்த பலகையில் பெரிய பழுப்புப் பதிவேடு திறந்து கிடந்தது. அதன் வலப்பக்கத் தாளின் நடுவிலிருந்து தண்ணீர் சத்தமில்லாமல் ஊறி, ஓரமாக வழிந்து, தொட்டியில் விழுந்து, தகரக் குழாய் வழியாக வெளியே போனது. எழுத்துக்கள் கலையவில்லை, தாள் கிழியவில்லை.

எண்பத்து மூன்றாம் வருடத்துப் பஞ்சத்தில் அது தொடங்கியதாம். இரண்டு வருடம் மழை இல்லாமல், ஊரணி வெடித்து, மாடுகளை அடிமாட்டுக்கு விற்று, பெண் கேட்டுப் போன வீட்டில் "நெடுங்கரைக்கா, பிள்ளையைக் கொன்னே போட்டுரலாம்" என்று சொல்லி அனுப்பிய அந்தக் கோடையில், பதிவறைத் தரை ஈரமாக இருப்பதை அப்போதைய எழுத்தர் பார்த்து, ஓடு ஒழுகுகிறது என்று அறிக்கை எழுதி, மழையே இல்லாத ஊரில் ஓடு எப்படி ஒழுகும் என்று மேலிடம் திருப்பிக் கேட்டு, கடைசியில் பதிவேட்டுக் கட்டை அவிழ்த்துப் பார்த்தபோது தண்ணீர் முகத்தில் அடித்திருக்கிறது. குடிநீர்த்துறை இது ஆவணம், எங்களுடையது அல்ல என்றது. பதிவுத்துறை இது தண்ணீர், எங்களுடையது அல்ல என்றது. மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், குடிக்க உகந்தது, லேசான மை வாசனை என்று பதில் வந்தது. கோயில்காரர்கள் பதிவேட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைக்கப் போக, மற்றவர்கள் சண்டைக்கு வர, கலெக்டர் தலையிட்டு, யாரும் எதுவும் வைக்கக் கூடாது, குடம் மட்டும் வைக்கலாம் என்று உத்தரவு போட்டார். ஒரு தேர்தலில் ஒருவர், தன்னை ஜெயிக்க வைத்தால் நாற்பத்திரண்டாம் பக்கத்திலும் தண்ணீர் வரவைப்பேன் என்று வாக்குக் கொடுத்து ஜெயித்தும்விட்டார், வரவில்லை, அதற்காக அவரை யாரும் கோபித்துக்கொள்ளவும் இல்லை. காலை பத்திலிருந்து ஐந்துவரை பதிவேடு திறந்திருக்கும். ஞாயிறும் இரண்டாம் சனியும் கிடையாது. பிறகு நெடுங்கரைக்குப் பெண் கொடுத்தார்கள். "ரிக்கார்டுத் தண்ணி இருக்கு, மகராசியா இருப்பா" என்றே தரகர்கள் பேசினார்கள். அப்படி வந்த பெண்களுக்குப் பெண்கள் பிறந்து, அந்தப் பெண்கள் இப்போது குடத்தோடு நிற்கிறார்கள்.

நாற்பது வருடம் அந்தப் பக்கத்தில் குடம் பிடித்த ஊரில், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தவர் ஒருவர்கூட இல்லை. ராக்கப்பனைக் கேட்டேன். "தண்ணி வர்ற இடத்துல கண்ணை வச்சுப் படிக்கக் கூடாதும்பாங்க தாயி" என்றார். யார் சொன்னது என்று அவருக்கும் தெரியவில்லை.

ஐந்து மணிக்குப் படித்தேன். அந்தக் காலத்தில் ஊரின் பிறப்பு இறப்பை எழுதிவைப்பது கிராம முன்சீப்பின் வேலை. அருணகிரி ஐயாவின் அப்பா உடையப்பன்தான் நெடுங்கரையின் முன்சீப். தன் மகளின் சாவைத் தன் பதிவேட்டிலேயே பதிந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

'அன்னமயில். வயது 12. தகப்பன் உடையப்பன், முன்சீப். பங்குனி 21. வீட்டுக் கிணற்றில் கால் தவறி விழுந்து, வேண்டுமட்டும் தண்ணீர் குடித்து மரணம்.'

கிணறு. அத்தோடு நான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்க வேண்டும். கிழவருக்கு நிம்மதி, எனக்குக் கூலி, ஊருக்குத் தண்ணீர். ஆனால் எனக்கு ஒரு பீடை உண்டு, ஒரு வார்த்தை உறுத்தினால் சோறு இறங்காது. நான் ஆயிரக்கணக்கில் இறப்புப் பதிவு படித்தவள். கிணற்றில் செத்தவர்களுக்கு 'நீரில் மூழ்கி' என்று எழுதுவார்கள், 'மூச்சுத் திணறி' என்று எழுதுவார்கள். 'வேண்டுமட்டும் தண்ணீர் குடித்து' என்று எந்த முன்சீப்பும் எழுதி நான் பார்த்ததில்லை. யாருக்கு வேண்டுமட்டும்?

மறுநாள் தாலுகா அலுவலகத்தில் பழைய நில அளவை வரைபடத்தைக் கேட்டு வாங்கினேன். அதில் கிணறு இருந்தால் சின்ன வட்டம் போட்டுக் காட்டியிருப்பார்கள். ஊருக்குள் ஆறு வட்டங்கள் இருந்தன. முன்சீப் தெரு முழுக்கப் பாறை, ஒரு வட்டமும் இல்லை. உடையப்பனின் வீட்டு மனையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், வீடு, மாட்டுக் கொட்டில், ஒரு புளியமரம். கிணறு இல்லை.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டு மற்றதையும் பார்த்தேன். முந்தின நாள் பார்த்த பதிவேட்டில் அன்னமயிலுக்குப் பின்னால் இருபது நாளில் முப்பத்தெட்டுச் சாவு, முப்பத்தெட்டும் காய்ச்சல். தாலுகா அலுவலகத்துக் காகிதக் கட்டில் வருடாவருடம் போட்ட ஒரு சுற்றறிக்கை இருந்தது, எந்த ஊரில் வாந்திபேதி கண்டாலும் முன்சீப் அன்றே தெரிவிக்க வேண்டும், திருவிழாவும் சந்தையும் உடனே நிறுத்தப்படும். அதற்கும் அடியில், 1953-இல் உடையப்பனை வேலையிலிருந்து நீக்கிய உத்தரவு. இரண்டு கண்ணிலும் புரை, நாலு வருடமாகவே எழுத்து கண்ணுக்குத் தெரியாதவர் என்று விசாரணையில் கண்டதாம்.

நாலு வருடமாக என்றால், ஐம்பத்தொன்றில் அந்தப் பக்கத்தை எழுதியது யார்? மறுபடி நெடுங்கரைக்குப் போய், ஐந்து மணிக்கு மேல் அந்த எழுத்தைப் பார்த்தேன். உருண்டை உருண்டையான, கோடு தப்பாத, வாத்தியாரிடம் பரிசு வாங்கும் எழுத்து. செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். ஊர் திரும்பும் ரயிலில் ஒரு முடிவுக்கு வந்தேன். கிணறு இருந்தது என்று சொல்லிவிடுவது. இருபத்திரண்டு வருடத்தில் நான் சொல்லப்போகும் முதல் பொய், சாகப்போகிறவருக்குச் சொல்வது பாவமில்லை.

அவர் முன்போலவே தண்ணீர் கொடுத்தார். குடித்தேன்.

"கிணறு இருந்துச்சு ஐயா. பதிவேட்டுல எழுதியிருக்கு. கால் தவறி விழுந்துட்டாங்க."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. பிறகு அவர், "அந்தப் பக்கத்தைப் படம் எடுத்தியா? காட்டு," என்றார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொய்யிலும் பழக்கம் வேண்டும்போல.

செல்போனைக் கண்ணுக்கு அருகில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இது என் கையெழுத்தும்மா."

செல்போனை வாங்கக் கையை நீட்டினேன், அவர் கொடுக்கவில்லை.

"அப்பாவுக்குக் கண்ணு தெரியாது. வேலை போயிருமேன்னு யாருக்கும் சொல்லல. ரிஜிஸ்டரை நான்தான் எழுதுவேன், அவர் இடத்தைத் தடவிப் பாத்துக் கையெழுத்துப் போடுவார். திருவிழா மூணாம் நாள் அக்காவுக்கு வாந்திபேதி. முன்சீப் வீட்டுலயே வாந்திபேதின்னா திருவிழா நின்னுரும், மாட்டுச்சந்தை கலைஞ்சுரும், ஊரு வருஷம் பூரா அதைத்தான் நம்பியிருந்துச்சு. அவளை உள்ளறையில வச்சுப் பூட்டினார். அழுதுக்கிட்டேதான் பூட்டினார், கல்நெஞ்சுக்காரர்னு நெனைக்காதே. தண்ணி குடுத்தா இன்னும் போகும், ஒரு சொட்டுக் குடுக்காதேன்னார். அப்ப எல்லாரும் அப்படித்தான் நம்பினாங்க. என்னைக் காவலுக்கு உக்கார வச்சார்."

சொம்பை வெறித்துப் பார்த்தார்.

"மூணு நாள். தம்பி, தம்பின்னு கூப்பிட்டா. சொம்பு என் பக்கத்துல இருந்துச்சு. சாவி என் அரைஞாண் கயித்துல இருந்துச்சு."

"ஐயா, போதும்."

"செத்ததும், காய்ச்சல்னு எழுதுடான்னார் அப்பா. எனக்குக் கை வரல. அவ கேட்டதைக் குடுக்கல, எழுத்துலயாவது குடிக்கட்டும்னு ஒரு கிணத்தை வெட்டி அவளை அதுல விட்டேன். அப்பா தடவிப் பாத்துக் கையெழுத்துப் போட்டுட்டார். அதுதான் நான் எழுதின முதல் கதை." செல்போனை என்னிடம் கொடுத்தார். "இதைத் திருத்தணும். நான் சாகுறதுக்குள்ள."

அப்போதுதான் அந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் வருவதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. எவ்வளவு வருகிறது என்று கேட்டார். ஆயிரத்துச் சொச்சம் வீட்டுக்கு என்றேன். நல்ல தண்ணியா என்று கேட்டார். நல்ல தண்ணீர்தான், நானும் குடித்தேன் என்றேன்.

"அப்ப நான் அவளுக்குக் குடுத்ததை ஊரு குடிச்சுருச்சு," என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "ஐயா, அங்க குடத்தோட நிக்கிறதெல்லாம் அன்னமயில் வயசுப் பொண்ணுங்க. திருத்தினா தண்ணி நின்னுரும்னு வச்சுக்கங்க, அதுக என்ன செய்யும்?"

"அன்னைக்கும் ஊருக்காகத்தாம்மா அப்பா பூட்டினார். அதுக்காக இவ இன்னமும் உள்ளயே கெடக்கணுமா?"

பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அந்த நடுங்கும் கையால், அதே உருண்டை எழுத்தில், திருத்தல் மனுவை எழுதிக் கொடுத்தார். நடுங்கியது கைதான், எழுத்து நடுங்கவில்லை.

மனுவைப் படித்த ராக்கப்பன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு மூணு பொண்ணு தாயி. மூணும் இந்தத் தண்ணியிலதான் வளந்துச்சு," என்றார். பிறகு, "மனுன்னு வந்துட்டா மறுக்க எனக்கு அதிகாரமில்ல. ரெண்டு சாட்சி வேணும். ஒண்ணு நீங்க போடுங்க. இன்னொண்ணு ஊருக்குள்ள யாராவது."

விஷயம் குடத்துக்குக் குடம் பரவியது. கவுன்சிலர் வந்தார். ஓரத்தில் ஒரு வரி எழுதினால் நாற்பது வருடத் தண்ணீர் நின்றுவிடுமா என்று சிரித்தார், ஆனாலும் சாட்சிக் கையெழுத்துக்குக் கூப்பிட்டபோது அவசர வேலை என்று போய்விட்டார். மற்றவர்களும் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கும் காளீஸ்வரி, முதல் குடம் பிடிக்கும் உரிமை உள்ளவள், விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

"அந்தப் புள்ள பேரு என்னக்கா?"

"அன்னமயில்."

"எத்தன நாளு கேட்டுச்சு?"

"மூணு நாளு."

"கொண்டாங்க," என்று பேனாவை வாங்கினாள். "எம் மகளுக்கும் பன்னண்டுதான்."

ராக்கப்பன் ஓரத்தில் எழுதினார்: 'மேற்படி வீட்டில் கிணறு இல்லை. வாந்திபேதி கண்டு, மூன்று நாள் தண்ணீர் கேட்டும் கொடுக்கப்படாமல் மரணம்.' கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்ததும் தண்ணீர் நின்றது. வரிசையில் முதலில் நின்ற பெண்ணின் குடம் கால்வாசி நிறைந்திருந்தது. அவள் அதை ஆட்டிப் பார்த்து, குழாயைத் தட்டிப் பார்த்து, பிறகு எல்லாரையும் திரும்பிப் பார்த்தாள்.

என்னை யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. பஸ்ஸில் ஏற எனக்குக் கால் வரவில்லை, காளீஸ்வரி வீட்டில் தங்கினேன். அவள் வீட்டு வாசலில் யாரோ காலிக் குடங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள். தண்ணீர் லாரி ஒன்று வந்து, வீட்டுக்கு இரண்டு குடம் ஊற்றிவிட்டு, இனி வாரம் ஒருமுறை என்று சொல்லிப் போனது.

மறுநாள் காலை கூட்டப் போன காளீஸ்வரிதான் முதலில் கேட்டாள். காய்ந்து சுருண்டு கிடந்த அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை தண்ணீர் கேட்டது. அழவில்லை, சாபமிடவில்லை, 'தண்ணி' என்று கேட்டது, சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டது. ராக்கப்பன் ஒரு மூடி தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். தாள் அதைக் குடித்துவிட்டு நனையாமல் கிடந்தது, மறுபடி கேட்டது.

ஊர் கூடியது. நமக்கே இரண்டு குடம், இதற்கு எங்கே ஊற்றுவது என்றார் ஒருவர். இது குடித்துக்கொண்டே இருக்கும், ஓட்டைப் பானை, ஊற்றி மாளாது என்றார் இன்னொருவர். கேட்டால்தானே சங்கடம் என்று சொல்லி, கவுன்சிலர் பதிவறைக்கு ஒரு புதுப் பூட்டு வாங்கிப் பூட்டினார். கெட்டவர்கள் இல்லை, அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் நாக்கு வறண்டு கிடந்தன. சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு அவர் தெருவில் நடந்து போனபோது அந்த அரைஞாண் கயிற்றுச் சாவி என் நினைவுக்கு வந்தது. ஆனால் நானும் வாயைத் திறக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

கதவுக்கு வெளியேயும் அது கேட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மறந்தது. டீக்கடைக்காரர் பாட்டை உரக்க வைத்தார், இரண்டு பாட்டுக்கு நடுவே கேட்டது. அலுவலகத்தில் வேலை நடந்தது, சான்றிதழ் கொடுத்தார்கள், முத்திரை குத்தினார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் குரல் கம்மிப்போய், "தம்பி" என்று கூப்பிட்டது.

காளீஸ்வரி உலைக்கு வைத்திருந்த தண்ணீரை இறக்கினாள். வீட்டில் இருந்தது அந்த அரைக்குடம்தான். அதை மகள் இடுப்பில் ஏற்றிவிட்டு, அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். யாரும் தடுக்கவில்லை, கவுன்சிலர் தன் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், சாவியைத் தொட்டுப் பார்த்தாரே தவிர எடுக்கவில்லை. நாலாவது அடியில் பூட்டு தெறித்தது. அந்தச் சிறுமி குடத்தைச் சாய்த்து, சிந்தாமல், சின்னக் குழந்தைக்கு ஊற்றுவதுபோல மெதுவாக அந்தத் தாளின் மேல் ஊற்றினாள். அரைக்குடமும் உள்ளே போனது. ஒரு சொட்டு கீழே விழவில்லை.

முதலில் ராக்கப்பனின் மனைவி வந்தாள், ஒரு சொம்போடு. பிறகு டீக்கடைக்காரர். வாசலில் மறுபடி வரிசை நின்றது, இந்தத் தடவை நிறைகுடமும் அரைக்குடமுமாக, உள்ளே போனவை எல்லாம் காலியாகத் திரும்பின. அன்று நெடுங்கரையில் பாதி வீட்டில் உலை வைக்கவில்லை. இப்போது தெருவாரியாக முறை போட்டிருக்கிறார்கள், காலையில் ஒரு வீடு, மாலையில் ஒரு வீடு. பத்து வீட்டுக்கு ஒரு வீடு காலி செய்துகொண்டு போய்விட்டது. தரகர்கள் மறுபடி நெடுங்கரைக்குப் பெண் கேட்டுப் போவதில்லை. ஊரை விட்டுப் போகிறவர்கள் தங்கள் முறையைப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போகிறார்களாம், அதில் மட்டும் தவறுவதில்லை என்று ராக்கப்பன் சொன்னார்.

பூட்டு உடைந்த அன்று பதிவறை வாசலிலிருந்தே அருணகிரி ஐயாவைக் கூப்பிட்டேன். வேலைக்கார அம்மாள் போனை அவர் காதில் வைத்தாள். மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது.

"திருத்தியாச்சு ஐயா."

"தண்ணி நின்னுருச்சா?"

"நின்னுருச்சு."

"கதவு?" என்றார்.

"திறந்தாச்சு. தண்ணி கேட்டாங்க, ஊரே ஊத்துது ஐயா."

"குடிச்சாளா?"

நான் உள்ளே பார்த்தேன். யாரோ ஒரு பெரியவர், ஒரு கையில் தடியும் ஒரு கையில் தம்ளருமாகக் குனிந்துகொண்டிருந்தார்.

"குடிச்சாங்க ஐயா. இன்னும் கேக்குறாங்க."

"கேக்கும். எழுபது வருசமாச்சுல்ல," என்றார் அவர். பிறகு, ஒன்பது வயதுக் குரல் என்றுதான் எனக்குத் தோன்றியது, "நிறுத்தாமக் குடுக்கச் சொல்லும்மா," என்றார்.